சமவெளியில் பூண்டு ஏன் பல் பிரிவதில்லை?

மாடியில் நான்கு மாதம் வளர்த்த முதல் பூண்டுச் செடியை ஒரு மார்ச் மாத மாலையில் பிடுங்கினேன். தாள்கள் முழங்கால் உயரத்துக்குச் செழித்து நின்றிருந்தன. அக்கம்பக்கத்தில் பார்த்தவர்களெல்லாம் விளைச்சல் பிரமாதமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மண்ணை உதறிப் பார்த்தால், அடியில் கோலிக்குண்டு அளவில் ஒரே ஓர் உருண்டைதான் இருந்தது. மேல்தோலை உரித்தபோது பற்கள் பிரியும் கோடு கூட உள்ளே தென்படவில்லை. முகர்ந்தால் பூண்டு, பார்த்தால் சின்ன வெங்காயம். அந்தப் பையில் இருந்த பன்னிரண்டு செடிகளில் ஒன்பது இப்படி இருந்தன. மற்ற மூன்றில் உருண்டை கூட இல்லை; கழுத்தும் அடியும் ஒரே பருமனில், வெங்காயத்தாள் போல நீண்டிருந்தன.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற சமவெளி ஊர்களில் வீட்டில் பூண்டு நட்டுப் பார்த்த பலருக்கும் இதுதான் அனுபவம். உரம் போதவில்லை, மண் சரியில்லை, விதைப்பூண்டு போலி என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அடுத்த ஆண்டு உரத்தைக் கூட்டுவார்கள். தாள் இன்னும் செழிக்கும், அடியில் அதே கோலிக்குண்டுதான் கிடைக்கும். உண்மையில் அந்தச் செடிக்குச் சாப்பாட்டில் குறை எதுவும் இல்லை. குமிழ் கட்டலாம் என்ற செய்திதான் அதற்குப் போய்ச் சேரவில்லை. அந்தச் செய்தி குளிர் வழியாகவும் பகல் வெளிச்சத்தின் நீளம் வழியாகவும் வருகிறது. நம் சமவெளியில் இரண்டுமே குறைவு.

பூண்டின் பூர்வீகம் மத்திய ஆசியா. தியான்ஷான் மலைத்தொடரை ஒட்டிய அந்த நிலத்தில் குளிர்காலம் பனி மூடியது, கோடைக்காலம் காய்ந்து வறண்டது. இடையில் வரும் வசந்தத்தில்தான் செடி வளர முடியும். மண்ணுக்குள் கிடக்கும் பல் குளிரைக் கடந்து, பனி உருகியதும் வேகமாகத் தாள் விட்டு, பகல் நீண்டு வெயில் ஏறும்போது, வறட்சி வரப்போகிறது என்று கணித்துச் சத்தையெல்லாம் அடியில் இறக்கி வைத்துக்கொண்டு காய்ந்துவிடும். அதாவது குமிழ் என்பது கோடைக்காகச் சேர்த்து வைத்த கட்டுச்சோறு. குளிர்காலம் ஒன்று கடந்துவிட்டது என்பதும், இப்போது பகல் நீண்டுவருகிறது என்பதும் தெரிந்தால்தான் செடி அந்த மூட்டையைக் கட்டத் தொடங்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்தும் இந்தக் கணக்கைப் பூண்டு மறக்கவில்லை. அது விதையால் பெருகாமல் பல்லால் பெருகுவதும் இதற்கு ஒரு காரணம். விதை வழியாகக் கலப்பு நடந்து புதிய குணங்கள் வரும் வாய்ப்பு பெரும்பாலான வகைகளுக்கு இல்லை. ஒவ்வொரு செடியும் அதன் தாயின் நகல்தான்.

பல் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அந்த ஒற்றை உருண்டையின் மர்மமும் விளங்கிவிடும். பூண்டின் தண்டு என்பது வேருக்கு மேலே இருக்கும் தட்டையான, நாணயம் போன்ற பகுதி மட்டுமே. நாம் தண்டு என்று நினைப்பது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய இலையுறைகள். உரிய குளிரும் பகல் நீளமும் கிடைத்ததும், உள்ளிருக்கும் இலைகளின் கக்கத்தில் பக்க மொட்டுகள் தோன்றி, ஒவ்வொன்றும் சத்தைச் சேர்த்துப் பருக்கிறது. அந்த மொட்டுகள்தாம் பற்கள். செய்தி அரைகுறையாக வந்தால் பக்க மொட்டுகள் எழுவதில்லை. கடைசியில் வெயில் மட்டும் ஏறிவிட, செடி வேறு வழியின்றி நடுவிலுள்ள ஒரே மொட்டைச் சுற்றிச் சத்தைச் சேர்த்து வைத்துவிட்டுக் காய்கிறது. அதுதான் ஒற்றைப்பல் பூண்டு. செய்தி அறவே வராவிட்டால் அந்த உருண்டையும் கிடையாது. செடி தாள் விட்டுக்கொண்டே இருந்து வெயிலில் சாகும். என் பையில் கிடைத்த இரண்டு விதமான தோல்விகளும் இந்த வரிசையின் இரண்டு படிகள்.

இது ஊகமாகச் சொல்வதன்று. கலிபோர்னியாவில் மான், மின்ஜஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விதைப்பூண்டை வெவ்வேறு வெப்பநிலைகளில் சேமித்து, வெவ்வேறு நாட்களில் நட்டு, பகல் நீளத்தையும் மாற்றிப் பார்த்து 1958இல் விரிவாக எழுதினார்கள். நடும் முன் குளிரில் இருந்த பற்கள் சீக்கிரம் குமிழ் கட்டின. அறை வெப்பத்தில் இருந்தவை தாமதித்தன. ஒரு செடி குமிழ் கட்டுமா என்பதை அது நிற்கும் மண்ணும் வெயிலும் மட்டும் தீர்மானிப்பதில்லை, நடுவதற்கு முந்தைய சில வாரங்கள் பல் எங்கே இருந்தது என்பதும் தீர்மானிக்கிறது. வீட்டுத் தோட்டக்காரருக்கு இந்த ஒரு செய்தியே பெரிய ஆறுதல். ஊரின் குளிரை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் கையளவு பற்களுக்குக் குளிர் காட்டலாம்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் மந்த்சோர், நீமச் பகுதிகள் பூண்டுக்குப் பேர்போனவை. அவை மலையில் இல்லை, சமவெளிதான்; ஆனால் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே போகிறது. அக்டோபரில் நட்ட பூண்டுக்கு வயலிலேயே குளிர் கிடைத்துவிடுகிறது. தமிழ்நாட்டில் அந்தக் குளிர் மலையில்தான் உண்டு. கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஊர்களில் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மலையின் மறுபக்கச் சரிவில், கேரளத்தின் காந்தளூர், வட்டவடைப் பூண்டுக்கும் அந்தக் குறியீடு உண்டு. நீலகிரியும் பூண்டுக்கு ஏற்ற மலைதான். இந்த ஊர்களில் பகல் நீளம் சென்னையை விடக் கூடுதலாக இல்லை. தெற்கே இருப்பதால் கோடைப் பகல் சற்றுக் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும். இருந்தும் அங்கே பூண்டு பல் பிரிகிறது என்றால், குளிர் போதுமான அளவு கிடைத்துவிட்டால் பூண்டு பகல் நீளத்தைப் பற்றி அவ்வளவு பிடிவாதம் பிடிப்பதில்லை என்று பொருள். பல தலைமுறையாக அந்த மலைக்கு ஒத்துப்போனவற்றையே விவசாயிகள் விதைக்கு எடுத்து வந்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

சென்னையில் டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். மார்ச் கடைசியில் 12 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். முழு வளர்பருவத்திலும் முக்கால் மணி நேர வித்தியாசம்தான். ஐரோப்பாவில் வசந்தம் முடியும்போது 15, 16 மணி நேரப் பகலைப் பார்க்கும் வகைகளுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. இரவுக் குளிரும் அப்படித்தான். ஜனவரியில் சென்னையின் விடியற்காலை 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். நமக்குப் போர்வை தேவைப்படும் மார்கழி, பூண்டுக்குக் குளிர்காலமாகத் தெரிவதில்லை.

இந்தச் சிக்கலைப் பெரிய அளவில் தீர்த்த நாடு பிரேசில். அங்கே தெற்கே குளிர்ந்த மாநிலங்களில் விளைந்த, ஊதாத் தோல் போர்த்த உயர்தரப் பூண்டை, வெப்பமான நடுப்பகுதியிலும் விளைவிக்க வேண்டும் என்ற தேவை எழுந்தது. கோயாஸ் மாநிலத்தின் கிறிஸ்தலினா, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் சாவோ கொத்தார்தோ போன்ற இடங்களில் இன்று அந்தப் பூண்டு விளைகிறது. விதைப்பூண்டை 3 முதல் 5 டிகிரி வரையிலான குளிர் அறைகளில் 40 முதல் 60 நாட்கள் வைத்து, வெளியே எடுத்ததும் நட்டுவிடுகிறார்கள். அங்கே வழக்கத்தில் உள்ள ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பல்லை நெடுவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் இளமுளை பல்லின் நீளத்தில் எத்தனை பங்கு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். பத்தில் ஏழு பங்கு எட்டியிருந்தால் நடலாம். இல்லாவிட்டால் உறக்கம் தெளியவில்லை என்று பொருள். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. அரிவாள்மனையும் கண்ணும் போதும், வெட்டிய பல்லும் ரசத்துக்கு ஆகும்.

வீட்டில் குளிர் அறைக்குப் பதில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. முழுப்பூண்டுகளைப் பல் பிரிக்காமல், துளையிட்ட காகித உறையில் போட்டு, காய்கறித் தட்டில் வைக்க வேண்டும். உறைநிலைப் பெட்டியில் வைத்தால் பல் செத்துவிடும். மூடிய பிளாஸ்டிக் பையில் வைத்தால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, மெத்தென்று ஆனதையும் கறுத்ததையும் கழித்துவிட வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரம் போதுமானது. குளிர் நல்லது என்றால் இன்னும் நாலு வாரம் கூடுதலாக வைக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அளவுக்கு மீறிக் குளிர் பட்ட பல், நான்கைந்து தாள் விடுவதற்குள்ளேயே குமிழ் கட்டத் தொடங்கிவிடும். சத்தைத் தயாரிக்கத் தாள் இல்லாததால் பற்கள் பிரிந்திருந்தும் சுண்டைக்காய் போலச் சிறுத்துப்போகும். இந்த ஏற்பாட்டுக்கு வீட்டில் வரக்கூடிய முதல் எதிர்ப்பு செடி தொடர்பானதாக இருக்காது. தயிரில் பூண்டு வாசம் அடிக்கிறது என்பதாகத்தான் இருக்கும். காகித உறையை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

இரண்டாம் ஆண்டு நான் ஒரே பையில் பாதிக்கு ஃப்ரிட்ஜில் வைத்த பற்களையும், பாதிக்கு அதே பூண்டிலிருந்து அலமாரியில் வைத்த பற்களையும் நட்டேன். மண், தண்ணீர், வெயில் எல்லாம் ஒன்றுதான். ஜனவரி இறுதியில் ஃப்ரிட்ஜ் பக்கத்துச் செடிகளின் கழுத்துக்குக் கீழே விரலால் மண்ணை விலக்கிப் பார்த்தபோது மெல்லிய புடைப்பு தெரிந்தது. அலமாரிப் பக்கம் எதுவும் இல்லை. அறுவடையில் முதல் பக்கத்தில் பெரிய நெல்லிக்காய் அளவில், ஆறேழு பற்களோடு பூண்டுகள் கிடைத்தன. மறுபக்கம் பழைய கோலிக்குண்டுகளே. ஒரு பையில் செய்து பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு உரத்தைக் குறை சொல்லும் பழக்கம் எனக்குப் போய்விட்டது.

எந்தப் பூண்டை நடுவது என்பதில்தான் பலரும் ஆசையால் தவறுகிறார்கள். கடையில் கண்ணைப் பறிப்பது, பெரிய பற்களோடு வரும் மலைநாட்டு வகை; உரிப்பதற்கு எளிது என்பதால் விலையும் அதிகம். அப்படிப்பட்ட வகைகளில் ஒன்று, ஹாங்காங் சந்தையிலிருந்து கொண்டுவந்த பூண்டிலிருந்து தேர்ந்தெடுத்து உருவான அக்ரிஃபவுண்ட் பார்வதி. இமாசலம் போன்ற வட மலைப்பகுதிகளின் நீண்ட பகலுக்காகவே அது பரிந்துரைக்கப்படுகிறது. அதை மதுரை மொட்டைமாடியில் நட்டால் ஃப்ரிட்ஜ் குளிர் மட்டும் காப்பாற்றாது. சமவெளிக்கு ஏற்றவை குறுகிய பகலிலேயே குமிழ் கட்டும் வகைகள்: யமுனா சஃபேத், அக்ரிஃபவுண்ட் ஒயிட், மராட்டியத்தின் ராஜ்குருநகரில் உள்ள வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி மையம் வெளியிட்ட பீமா ஓம்கார், பீமா பர்ப்பிள் ஆகியவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் ஊட்டி 1, சிங்கப்பூர் சிவப்பு, மதுரை மலைப்பூண்டு ஆகியவை மலைத்தோட்டத்துக்கானவை. ஏற்காட்டிலோ ஊட்டியிலோ வீடு இருப்பவர்கள் தயங்காமல் நடலாம். பெயர் தெரிந்த விதை கிடைக்காத ஊரில், மத்தியப் பிரதேசத்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ வரும் சாதாரண வெள்ளைப் பூண்டே போதும். மளிகைக் கடையில் கிலோக்கணக்கில் குவித்து வைத்திருக்கும், பல் சிறுத்த அந்தப் பூண்டைத்தான் நானும் நடுகிறேன்.

கடைப் பூண்டை நட்டால் முளைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. முளைவிடாதபடி கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பூண்டாக இருந்தால் எவ்வளவு நாள் வைத்தாலும் முளைக்காது. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதால், நான்கு பல்லை ஈரத் துணியில் சுற்றிப் பத்து நாள் வைத்துப் பார்ப்பதே நேர்வழி. சீனப் பூண்டின் இறக்குமதிக்கு இந்தியாவில் 2014 முதல் தடை உண்டு. அடியில் வேர்த்தட்டை வழித்தெடுத்துச் சுத்தமாக்கிய பூண்டு எங்கிருந்து வந்தாலும் நடுவதற்கு வேண்டாம், வேர் விட வேண்டிய இடமே அதில் போயிருக்கும். வேர்க்குச்சம் சிறிதாவது ஒட்டியிருக்கும் பூண்டே விதைக்கு ஆகும். மொத்தமாக விதைப்பூண்டு வேண்டுமென்றால் மேட்டுப்பாளையமும், பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியும் பூண்டுச் சந்தைகளுக்குப் பெயர் பெற்றவை. ஆனால் அங்கே வருவதில் மலைப்பூண்டும் நிறைய இருக்கும் என்பதால் எந்த வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

முழுப்பூண்டின் வெளிவட்டத்தில் உள்ள பருத்த பற்களை மட்டும் நட வேண்டும். நடுவில் ஈர்க்குச்சி போல ஒல்லியாக இருப்பவற்றை நட்டால் மெலிந்த செடிதான் வரும். சிறு பல் ஒற்றை உருண்டையாக முடியும் வாய்ப்பும் அதிகம். தோலை உரிக்கக் கூடாது. பல்லைப் பிரித்த பின் நாள்கணக்கில் வைத்திருக்காமல் அன்றோ மறுநாளோ நட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் அறை வெப்பத்தில் கிடக்கக் கிடக்கக் குளிரின் பலன் கரைகிறது.

நடும் நாளை முடிவுசெய்வதுதான் தமிழ்நாட்டுக்காரருக்குத் தனித் தலைவலி. பூண்டு நடத் தகுந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும் என்று வட இந்தியக் கையேடுகள் சொல்லும். நமக்கோ அது வடகிழக்குப் பருவமழையின் உச்சம். அக்டோபரில் நட்டால் மண்ணின் சூடு தணிந்திருக்காது. 30 டிகிரிக்கு மேல் சூடான மண்ணில் இறங்கிய பல், ஃப்ரிட்ஜில் கற்ற பாடத்தைப் பாதி மறந்துவிடும். ஜனவரிக்குத் தள்ளினால் தாள் வளர நாளில்லாமல் பங்குனி வெயில் வந்துவிடும். எனவே கார்த்திகை பிறந்த பின், அதாவது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் முதல் வாரத்துக்குள் நடுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் பூண்டு ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். மழை வலுக்கும் நாட்களில் பையை சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திக்கொள்ளலாம் என்பது மாடித்தோட்டத்தின் வசதி. நிலத்தில் நடுபவர்கள் ஓரடி உயர மேட்டுப்பாத்தி போடாமல் நட்டால், ஒரே புயல் மழையில் பாதிப் பற்கள் அழுகிவிடும்.

மண்ணைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும், குமிழ் பருக்க இடம் கொடுக்கும்படி பொலபொலப்பாக இருக்க வேண்டும். மாடித்தோட்டக் கலவைகளில் தென்னை நார்க்கழிவைப் பாதிக்குப் பாதி சேர்ப்பது வழக்கமாகிவிட்டது; கீரைக்கு அது சரி, பூண்டுக்கு மழைக்காலத்தில் அது பஞ்சு போல நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியழுகலைக் கொண்டுவரும். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவை சம பங்கும், கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போதும். ஓரடி ஆழமுள்ள பையில், பல்லின் கூர்முனை மேலே பார்க்க, இரண்டு விரற்கட்டை ஆழத்தில், ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டு, மேலே வைக்கோலை மூடாக்காகப் பரப்ப வேண்டும். அந்த மூடாக்கு களையை அடக்குவதை விட, மண்ணைச் சூடேறாமல் வைத்திருப்பதற்காகவே தேவைப்படுகிறது. வெயில் மட்டும் குறைந்தது ஆறு மணி நேரம் நேரடியாக விழ வேண்டும்.

உரத்தில் கவனிக்க வேண்டியது அளவை விட நேரம். பூண்டின் ஒவ்வொரு தாளும் கீழே போய்க் குமிழைச் சுற்றும் ஓர் உறையாகிறது. மேலே எட்டுத் தாள் நின்றால் கீழே எட்டு அடுக்கு. குமிழ் கட்டத் தொடங்குவதற்கு முன் எத்தனை தாள் விட்டதோ அதுதான் செடியின் முதல். பிறகு அந்த முதலிலிருந்துதான் பற்கள் பருக்க வேண்டும். ஆகவே தழைச்சத்து முழுவதும் முதல் 45, 50 நாட்களுக்குள் கொடுத்து முடித்துவிட வேண்டும். நட்ட மூன்றாம் வாரத்தில் ஒரு முறை மண்புழு உரம், ஆறாம் வாரத்தில் ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல், அவ்வளவே. பொங்கலுக்குப் பிறகும் ஆசையில் மீன் அமிலமும் பஞ்சகவ்யமும் தெளித்துக்கொண்டே இருந்தால், உறங்க வேண்டிய பற்கள் குமிழுக்குள்ளேயே முளைத்து, கழுத்தைச் சுற்றிப் புல் போலப் பக்கத் தாள்கள் கிளம்பும். பிரேசில் விவசாயிகள் இந்தக் கோளாறைத் தடுக்கவே பற்கள் பிரியும் கட்டத்தில் சில நாட்கள் தண்ணீரை நிறுத்தி வைக்கிறார்கள். வீட்டில் அந்த அளவு துல்லியம் வேண்டாம், ஜனவரி நடுவில் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுவது என்று கையைக் கட்டிப்போட்டாலே போதும். பூண்டின் காரமும் மணமும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருபவை என்பதால் நடும்போதே மண்ணில் கந்தகம் உள்ள ஜிப்சம் ஒரு கைப்பிடி கலப்பது வீண் போகாது.

பூச்சிகளில் இலைப்பேன்தான் முதன்மை. தாளில் வெள்ளிக்கோடு போட்டது போல் தெரிந்தால் அதன் வேலை; மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் அடங்கும். பனியும் ஈரமும் சேர்ந்த நாட்களில் ஊதா நிறப் புள்ளிகள் வந்து தாள் நுனியிலிருந்து கருகும். நெருக்கமாக நட்டவர்களுக்கே இது அதிகம். அடியழுகலுக்கு முன்னெச்சரிக்கையாகப் பற்களை டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கலந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நடலாம். வெங்காயம் போட்ட பையில் உடனே பூண்டு போடுவதைத் தவிர்க்க வேண்டும், இரண்டுக்கும் நோய்கள் பொது.

கீழ்த்தாள்கள் நான்கைந்து காய்ந்து, மேலே நான்கைந்து பச்சையாக இருக்கும்போது பிடுங்க வேண்டும். பிடுங்குவதற்குப் பத்து, பதினைந்து நாட்களுக்கு முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். எல்லாத் தாளும் காயட்டும் என்று காத்திருந்தால் உறைகளும் மக்கி, மண்ணுக்குள்ளேயே பற்கள் சிதறிவிடும். வெங்காயத்தைப் போல வெயிலில் பரப்பக் கூடாது, மார்ச் வெயிலில் பல் வெந்து கண்ணாடி போலாகிவிடும். தாளோடு கட்டி, காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் கழுத்து சுருங்கித் தோல் காகிதமாகும்.

இவ்வளவு செய்தும் கடைப் பூண்டின் அளவு வராது. 2024 தொடக்கத்தில் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது, வீட்டிலேயே விளைவித்துச் சமாளிக்கலாம் என்று பலர் கிளம்பினார்கள். இரண்டு பையில் விளைவது ஒரு மாதக் குழம்புக்குக் கூடக் காணாது. சமவெளித் தோட்டத்தில் பூண்டின் உண்மையான வரும்படி அதன் தாள்தான் என்பது என் கருத்து. தாளுக்குக் குளிரும் வேண்டாம், பகல் கணக்கும் வேண்டாம். விதைக்கு ஆகாதென்று ஒதுக்கிய ஒல்லிப் பற்களை ஆழமில்லாத தட்டில் நெருக்கமாக ஊன்றினால், ஒரு மாதத்தில் சாண் உயரத் தாள் வெட்டலாம். விட்டு விட்டு இன்னும் ஓரிரு முறை வெட்டலாம். குஜராத்தில் ஊந்தியு என்ற குளிர்காலக் காய்கறிக் கூட்டுக்குப் பச்சைப் பூண்டைத் தாளோடு நறுக்கிச் சேர்க்கிறார்கள். நம் வீட்டில் முட்டைப் பொரியலுக்கும், அடைமாவுக்கும், தேங்காய்த் துவையலுக்கும் அது பொருந்திப்போகிறது. யாழ்ப்பாணத்தில் பூண்டுக்கு உள்ளி என்று பெயர்; மலையாளத்தில் அதே உள்ளி வெங்காயத்தைக் குறிக்கும். பச்சைத் தாளாக வெட்டிக் கையில் வைத்திருக்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் நியாயம்தான் என்று தோன்றும்.

ஒற்றைப்பல் உருண்டைகளையும் தோல்வி என்று தூக்கிப் போட வேண்டியதில்லை. மருந்துக்கு நல்லதென்று சொல்லி அவற்றைத் தனியே கூடுதல் விலைக்கு விற்கும் கடைகள் உண்டு, உரிக்கவும் எளிது. அதைவிட முக்கியம், அடுத்த பருவத்துக்கு அதைவிட நல்ல விதை கிடைப்பது அரிது. சாதாரணப் பல்லை விடப் பருத்த உருண்டையில் சேமிப்புச் சத்து அதிகம். அது கிளப்பும் செடியும் தொடக்கத்திலேயே தடித்த தாளோடு வரும். அதை நிழலில் உலர்த்தி, சித்திரை, வைகாசி வெயில் தாக்காத இடத்தில் வலைப்பையில் தொங்கவிட்டு, செப்டம்பரில் ஃப்ரிட்ஜுக்கு அனுப்பி, கார்த்திகையில் நட்டால் பல் பிரிந்த பூண்டாகத் திரும்பி வருகிறது. என் முதல் ஆண்டின் ஒன்பது உருண்டைகளில் எலி தின்றது இரண்டு, பூசணம் பிடித்தது ஒன்று. மீதி ஆறும் மூன்றாம் ஆண்டில் அந்த மாடியிலேயே நான் எடுத்த மிகப் பெரிய பூண்டுகளாயின.

சொந்த விதையை எத்தனை ஆண்டு தொடரலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. பல்லால் பெருகும் பயிர் என்பதால், அசுவினி போன்ற பூச்சிகள் ஏற்றிய வைரஸ் ஒரு முறை புகுந்தால் அடுத்தடுத்த தலைமுறைக்கும் அப்படியே போகும். தாளில் மஞ்சள் கோடுகள் நீளவாக்கில் ஓடும், பூண்டு ஆண்டுக்கு ஆண்டு சிறுக்கும். கோடு விழுந்த செடியின் பூண்டைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, கோடில்லாத செடியின் பூண்டை மட்டும் விதைக்கு நிறுத்துகிறேன். மூன்று பருவத்துக்குப் பிறகு கடையிலிருந்து புது விதை வாங்கி, அதற்குத் தனிப் பை ஒதுக்கிவிடுகிறேன்.